எப்போதும் 27: சென்னையின் எஃப்.சி. ரசிகர்களின் தீராத சண்டை

2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து சீசனில் சென்னையின் எஃப்.சி. ஜாம்ஷெட்பூரை இரண்டு முறை சந்தித்தது. நவம்பரில் அவர்கள் ஊருக்கே போய் 5-1. மார்ச்சில் நேரு ஸ்டேடியத்தில் 5-2. ஆக, பத்து கோல். அந்த ஜாம்ஷெட்பூர் ஒன்றும் சோப்ளாங்கி அணி கிடையாது. லீக்கில் ஐந்தாம் இடம் பிடித்து, பிளே-ஆஃபில் அரையிறுதி வரை போன அணி.

அதே சீசனில், பட்டியலின் கடைசியில் கிடந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கையும் சென்னையின் இரண்டு முறை சந்தித்தது. செப்டம்பரில் சென்னையில் 0-1 தோல்வி. ஐஎஸ்எல்லுக்குப் புதிதாக வந்த முகமதனுக்கு அதுதான் முதல் வெற்றி. ஜனவரியில் கொல்கத்தாவில் 2-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, இன்ஜுரி டைமில் மட்டும் இரண்டு கோல் வாங்கி 2-2. ஐந்தாம் இடத்து அணியிடம் ஆறு புள்ளிகளையும் அள்ளியவர்கள், கடைசி இடத்து அணியிடம் தேற்றியது ஒரே ஒரு புள்ளி.

இப்படி ஒரு அணியை வைத்துக்கொண்டு ரசிகர்கள் சண்டை போடாமல் என்ன செய்வார்கள்?

சென்னையின் ரசிகர்கள் நன்றாகவே சண்டை போடுவார்கள். 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' என்று பெயர் வைத்து, நீலச் சட்டையும் டிரம்முமாக வந்து தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம் அது. மேட்ச் முடிந்து பெரியமேட்டுப் பக்கம் டீக்கடையிலோ மெட்ரோ பிளாட்பாரத்திலோ நின்றால், ஆட்டம் ஓடியதைவிட அதிக நேரம் வாக்குவாதம் ஓடும். ஏன் அவனை பெஞ்சில் உட்கார வைத்தார், 2-0 லீட் இருக்கும்போது ஏன் பின்வாங்கினார், 70-வது நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய சப்-ஐ 85-ல் ஏன் செய்தார். எல்லாக் கேள்விக்கும் எழுவாய் ஒருவர்தான்: கோச் ஓவன் காய்ல்.

அந்த சீசன் 11-வது இடத்தில் முடிந்தது. மொத்தம் 13 அணிகள். சென்னையின் எடுத்த புள்ளிகள் 27.

இந்த 27-ஐக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு முடிந்த ஐந்து சீசன்களின் கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்தால் விநோதம் ஒன்று தெரியும். 2020-21: 20 புள்ளிகள், எட்டாம் இடம். 2021-22: 20 புள்ளிகள், எட்டாம் இடம். 2022-23: 27 புள்ளிகள், எட்டாம் இடம். 2023-24: 27 புள்ளிகள், ஆறாம் இடம். 2024-25: 27 புள்ளிகள், பதினோராம் இடம். நிலையில்லாத அணி என்று நாம் திட்டித் தீர்க்கும் அணி, ஆண்டு முடிவில் இவ்வளவு நிலையாக ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. வாரத்துக்கு வாரம் யார் வருவார்கள் என்று தெரியாது. வருடக் கடைசியில் எவ்வளவு வரும் என்று மட்டும் சொல்லிவிடலாம்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 2022-23-ல் ஒரு அணிக்கு 20 ஆட்டங்கள். அடுத்த ஆண்டு பஞ்சாப் வந்ததும் 22. அதற்கடுத்த ஆண்டு முகமதன் வந்ததும் 24. அப்படியானால் ஆட்டத்துக்கு 1.35 புள்ளி என்பது 1.23 ஆகி, பிறகு 1.13 ஆகியிருக்கிறது. மூன்று ஆண்டும் படிப்படியான இறக்கம். ஆனால் நம் நினைவில் இருக்கும் படமோ வேறு. 2022-23 தோல்வி சீசன். கோச் தாமஸ் பிரடாரிச் பெட்டியைக் கட்டினார். 2023-24 வெற்றி சீசன். காய்ல் திரும்பி வந்து, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார். 2024-25 சரிவு. உண்மையில், வெளியே போனவர் ஆட்டத்துக்கு 1.35 எடுத்தார், மாலை போட்டு வரவேற்கப்பட்டவர் 1.23 எடுத்தார். நடுவில் மற்ற அணிகள் சறுக்கியதால் 27 புள்ளிக்கு ஆறாம் இடம் கிடைத்தது. மறு ஆண்டு மற்றவர்கள் நிமிர்ந்தார்கள். அதே 27-க்குப் பதினொன்று கிடைத்தது.

இந்தக் கணக்கை ஸ்டாண்டில் சொல்லிப் பார்த்தால் அடி விழ வாய்ப்புண்டு. காரணம், காய்ல் மீது சென்னை ரசிகர்களுக்கு இருப்பது வெறும் கோச்-ரசிகர் உறவு அல்ல.

கடனும் கோபமும்

2019 கடைசியில் சென்னையின் குப்புற விழுந்து கிடந்தது. 2018-ல் கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரிகரி, ஆறு ஆட்டங்களோடு விலகிவிட்டார். டிசம்பரில் வந்தார் காய்ல். ஸ்காட்லாந்துக்காரர். பர்ன்லி அணியை 2009-ல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர். கையில் இருந்த அதே ஆட்களை வைத்துக்கொண்டு, கோல் அடிக்கத் தெரியாத அணியைக் கோல் மழை பொழிய வைத்தார். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல். பிரேசிலின் கிரிவெல்லாரோ பந்தைத் தொட்டாலே ஏதோ நடக்கும் என்று கூட்டம் எழுந்து நிற்கும். அரையிறுதியில் கோவாவை 4-1 என்று சென்னையில் புரட்டிவிட்டு, அங்கே போய் 2-4 என்று தோற்று, 6-5 என்ற மொத்தக் கணக்கில் தப்பித்து இறுதிக்குப் போனார்கள். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் ஆளே இல்லாத ஃபட்டோர்டா மைதானத்தில் ஏடிகே-விடம் 1-3 தோல்வி. ரசிகர்கள் போக முடியாத இறுதிப் போட்டி அது. தீராத குறை.

பிறகு காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2021-22-ல் அவர்களுக்கு லீக்கில் முதலிடத்துக்கான ஷீல்டையே வாங்கித் தந்தார். விட்டுவிட்டோமே என்ற வயிற்றெரிச்சல் சென்னைக்கு. 2023-ல் அவர் திரும்பி வந்தபோது இருந்த எதிர்பார்ப்பை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

எனவே 2024-25 முழுக்க இரண்டு கட்சிகள். ஆதரவுக் கட்சியின் வாதம்: இவர் கையில் கிடைத்த பட்ஜெட்டைப் பாருங்கள்; மோகன் பகானும் மும்பையும் செலவழிப்பதில் பாதியாவது கொடுத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். 2024 மார்ச்சில் கொல்கத்தாவுக்குப் போய் அந்த ஆண்டின் ஷீல்டு வாங்கிய மோகன் பகானையே 3-2 என்று சாய்த்தவர். இர்ஃபான் யாத்வாட் இன்ஜுரி டைமில் அடித்த அந்த கோலை மறந்துவிட்டீர்களா? இந்தியப் பையன்களை நம்பி ஆட வைக்கிறவர் வேறு யார்?

எதிர்க்கட்சியின் வாதம் இன்னும் நீளம். ஆட்டம் கையில் இருக்கும்போது அதை மூடத் தெரியவில்லை. கொல்கத்தாவில் முகமதனிடம் நடந்தது அதற்குச் சாட்சி. சொந்த ஊரில் ஜெயிக்கத் தெரியவில்லை: ஒடிசா, நார்த்ஈஸ்ட் யுனைடெட், ஜாம்ஷெட்பூர் என்று முதல் மூன்று வெற்றிகளும் வெளியூரில்தான், நேரு ஸ்டேடியத்தில் முதல் வெற்றியைப் பார்க்க டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் திண்டாடிக்கொண்டிருந்த ஹைதராபாத்திடம் ஒற்றை கோலில். ஈஸ்ட் பெங்காலிடம் சென்னையில் 0-2 தோற்றுவிட்டு, பிப்ரவரியில் கொல்கத்தா போய் அதே அணியை 3-0 அடிக்கிறார்கள். டிக்கெட் எடுத்தவனுக்கு ஒரு அணி, டிவியில் பார்க்கிறவனுக்கு ஒரு அணியா?

இந்தக் கடைசிக் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வெளியூர் வெற்றிகளுக்கும் உள்ளூர்த் தோல்விகளுக்கும் ஒரே காரணம்தான். காய்லின் அணி, எதிராளி ஏறி வரும்போது பின்னால் விடுகிற இடத்தில் புகுந்து ஓடி கோல் அடிக்கிற அணி. கானர் ஷீல்ட்ஸ் அதற்கென்றே பிறந்தவர். சொந்த ஊரில் ஆடும் அணி ஏறித்தான் வரும். அங்கே இடம் கிடைக்கும். சென்னைக்கு வரும் அணியோ பின்னால் உட்கார்ந்துகொள்ளும்; அப்போது பூட்டிய டிஃபென்ஸைத் திறக்க நடுக்களத்தில் ஒரு ஆள் வேண்டும். 2020-ல் அந்த ஆள் கிரிவெல்லாரோ. 2024-ல் அந்த இடத்துக்கு வந்தது லூகாஸ் பிராம்பில்லா. அவரும் பிரேசில்காரர்தான், ஆனால் கிரிவெல்லாரோ ஆக முடியவில்லை. ஃபார்மேஷனை எப்படி மாற்றி வரைந்தாலும் அந்த ஓட்டை ஓட்டையாகவே இருந்தது.

ஜனவரியில் இன்னொரு பட்டாசு வெடித்தது. இளம் டிஃபெண்டர் பிகாஷ் யும்னத்தைக் கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ப்ரீதம் கோட்டாலை வாங்கினார்கள். கொடுத்தது 21 வயதை, வாங்கியது 31 வயதை. அனுபவம் வேண்டும் என்பது காய்ல் தரப்பு நியாயம். கட்டுவதும் இடிப்பதும் ஒரே ஆளா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. அதோடு, பக்கத்து வீட்டுக்காரனிடமே பையனைக் கொடுத்தது பலருக்குத் தொண்டையில் முள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் ஜனவரி 30 அன்று சென்னைக்கு வந்தான். மூன்றாம் நிமிடத்தில் கோல். முதல் பாதி முடிவதற்குள் நம் ஸ்ட்ரைக்கர் வில்மார் ஜோர்டான் ரெட் கார்டு வாங்கி வெளியே. 1-3. கொச்சியில் ஏற்கெனவே 0-3. தென்னகத்து டெர்பி என்று போஸ்டர் ஒட்டிய இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ஆறு வாங்கி, ஒன்று கொடுத்தோம். அந்த இரவு ஸ்டாண்டில் காய்ல் ஆதரவுக் கட்சிக்கு ஆள் குறைவு.

கேரளம் செய்த பரிசோதனை

கோச்சை நடுவில் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு அதே சீசனில் விடை மாதிரி ஒன்று கிடைத்தது, கொச்சியில்.

கேரளா பிளாஸ்டர்ஸ் 12 ஆட்டங்களில் 11 புள்ளிகளோடு தத்தளித்தபோது, டிசம்பர் நடுவில் ஸ்வீடன்காரர் மைக்கேல் ஸ்டாரேவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ரசிகர் படை மஞ்ஞப்படா வெறுமனே திட்டிக்கொண்டிருக்கவில்லை. கிளப்பிடமிருந்து டிக்கெட் வாங்கி விற்க மாட்டோம் என்று அறிவித்து நிர்வாகத்தையே நேருக்கு நேர் எதிர்த்தது. உள்ளே இருந்த டி.ஜி. புருஷோத்தமன் இடைக்காலப் பொறுப்பு ஏற்றார். மிச்சம் 12 ஆட்டங்களில் 18 புள்ளிகள். முடிவில் 29, எட்டாம் இடம். பிளே-ஆஃப் இல்லை.

இதை வைத்துச் சென்னையில் இரண்டு கட்சியும் ஜெயித்ததாக அறிவித்துக்கொண்டன. பாருங்கள், 11 எப்படி 18 ஆனது என்றது ஒன்று. கோச்சைத் தூக்கியும் நம்மைவிட இரண்டே புள்ளிதானே கூட என்றது இன்னொன்று. இரண்டும் சரி என்பதுதான் சங்கடம்.

கோச்சைப் பொறுத்துக்கொள்வது, நடுவில் தூக்குவது என்ற இரண்டு மருந்தையும் ஏற்கெனவே குடித்துப் பார்த்த கிளப் சென்னையின். 2018 மார்ச்சில், பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூருவையே 3-2 என்று வென்று கோப்பை தூக்கினார் கிரிகரி. மெயில்சன் ஆல்வெஸின் இரண்டு ஹெட்டர்களை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிலிர்ப்பவர்கள் உண்டு. அடுத்த சீசனில் அதே கிரிகரி, 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, கடைசி இடம். ஆனாலும் கிளப் அவரை வைத்துக்கொண்டது. சூப்பர் கப் இறுதி வரை போனார்கள். சரியாகிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு ஆட்டத்தில் அந்த நம்பிக்கை முடிந்தது. பொறுமை மருந்து அப்படி. 2022 பிப்ரவரியில் மறுமருந்து: கோவாவிடம் 0-5 வாங்கியதும் போஜிதார் பாண்டோவிச்சை அனுப்பிவிட்டு, இந்தியன் பேங்க்குக்கும் இந்தியாவுக்கும் ஆடிய நம்ம சபீர் பாஷாவை நிறுத்தினார்கள். எட்டாம் இடத்தில் இருந்து அசையவில்லை.

2014 முதல் 2018 வரை மார்கோ மேட்டராஸி, கிரிகரி என்று இரண்டே பயிற்சியாளர்கள்; இரண்டு கோப்பைகள். 2019 டிசம்பரிலிருந்து 2025 வரை காய்ல், லாஸ்லோ, பாண்டோவிச், பாஷா, பிரடாரிச், மறுபடி காய்ல். ஒவ்வொருவரும் வரும்போது தன் வெளிநாட்டு ஆட்களோடு வருவார். காய்ல் என்றால் மதர்வெல்லிலிருந்து ஷீல்ட்ஸ், டண்டீ யுனைடெட்டிலிருந்து ரயன் எட்வர்ட்ஸ் என்று ஸ்காட்லாந்து வாசனை. ஐஎஸ்எல்லில் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் நிற்க முடியும். அந்த நான்கு பேர்தான் அணியின் முதுகெலும்பு. முதுகெலும்பையே வருடா வருடம் மாற்றிக்கொண்டு நடை தள்ளாடுகிறதே என்று புலம்புகிறோம். என் பார்வையில் கோச் விவாதத்தில் பாதிக்கு மேல் தவறான விலாசத்துக்குப் போகும் கடிதம். இந்த வீரர் ஏன் வேண்டும், எத்தனை ஆண்டுக்கு வேண்டும், கோச் போன பிறகும் இந்த அணி எந்த விதமாக ஆடும் என்று முடிவெடுக்கிற நாற்காலி கிளப்பில் எங்கே இருக்கிறது என்று ரசிகர்கள் கேட்டிருக்க வேண்டும். அபிஷேக் பச்சன், தோனி, வீட்டா தானி என்று உரிமையாளர் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நாற்காலியில் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

தோனி பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை. அதே 2025-ல் சிஎஸ்கே ஐபிஎல்லில் கடைசி இடம். அங்கே ஸ்டீபன் ஃபிளெமிங் 2009 முதல் பயிற்சியாளர். ஒருவரும் அவரைத் தூக்கச் சொல்லித் தெருவுக்கு வரவில்லை. ஐந்து கோப்பை சேமிப்பில் இருந்தால் வட்டியில் சாப்பிடலாம். சென்னையின் சேமிப்பு இரண்டு. அதுவும் 2018-க்குப் பிறகு ஒரு ரூபாய் போடவில்லை.

2015 என்னும் வியாதி

கடைசி வரிசையில் கிடந்தாலும் சென்னை ரசிகன் சீசனைக் கைகழுவ மாட்டான். அதற்கு 2015-தான் காரணம். பாதி சீசனில் கடைசி இடம். பிறகு கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து அரையிறுதி. அதற்குள் ஊரே வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் கோவாவுடனேயே இறுதி. 87-வது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கினார்கள். 90-ல் கோவா கோல்கீப்பர் கட்டிமணி தன் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளினார். அடுத்து ஸ்டீவன் மெண்டோசா. 3-2. டிவியை அணைத்துவிட்டுப் போனவர்கள் இன்றும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்குலேட்டர் வெளியே வரும். மிச்சம் ஐந்தும் ஜெயித்தால், ஒடிசா இரண்டில் தோற்றால், பஞ்சாப் டிரா செய்தால். 2024-ல் இந்தக் கணக்கு பலித்தே தொலைத்தது. பிளே-ஆஃபில் கோவாவிடம் 1-2 என்று முடிந்தாலும் பலித்தது பலித்ததுதான். ஐஎஸ்எல்லில் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடும் வழக்கமே இல்லாமல் இருந்ததும் இதற்குத் துணை. கடைசி இடத்துக்குத் தண்டனை இருக்கவில்லை. நடுவில் மிதப்பவனுக்கு அவமானம் இல்லை. 27 புள்ளிக்கு ஒரு ஆண்டு பிளே-ஆஃபும் இன்னொரு ஆண்டு விடுமுறையும் கிடைக்கும். கிளப் நிர்வாகத்துக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு வேறென்ன?

ஸ்டாண்டில் அடிக்கடி எழுந்து, பதிலில்லாமல் அடங்கும் இன்னொரு சண்டை: நம்ம பையன்கள் எங்கே? 2018 கோப்பை அணியில் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் இருந்தார். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஹெட்டரில் கோலும் போட்டார். 2019-20 அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால். பிறகு அந்த வரிசை மெலிந்தது. அதே காலத்தில் சிவகங்கை மாவட்டத்திலிருந்து போன சிவசக்தி நாராயணன் பெங்களூருவில் 2022-23-ன் வளரும் வீரர் விருது வாங்கினார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் வலையில் பந்தைப் போட்டு, கொல்கத்தாவில் பாதி ஊருக்குச் செல்லப்பிள்ளை ஆனார். குமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜும் ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று சுற்றினார். இவர்களை ஆரம்பத்தில் தூக்கிவிட்டது சென்னையின் அல்ல. நந்தகுமாரும் சூசைராஜும் வான்ஸ்பாலும் ஆடி வளர்ந்தது சென்னை சிட்டி எஃப்.சி.யில். 2018-19-ல் சென்னையின் ஐஎஸ்எல்லில் கடைசி இடத்தில் முடித்த அதே சீசனில், கோயம்புத்தூரில் ஆடிய அந்தச் சென்னை சிட்டி சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸின் பயிற்சியில் ஐ-லீக் பட்டத்தையே வாங்கியது. அந்தக் கிளப் இப்போது தேசிய அரங்கில் இல்லை என்பது தனிச் சோகம்; அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்தால் உடனே கோப்பை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோச் போய் இன்னொருவர் வரும்போது அசையாமல் நிற்கிற நான்கைந்து பேர் அணியில் வேண்டுமென்றால், அவர்கள் வீடு இங்கேயே இருப்பது வசதி.

2025 ஜூலையில் விவாதத்தின் தரையே நழுவியது. லீக்கை அப்போது நடத்திவந்த எஃப்எஸ்டிஎல்-லுக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையேயான ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருக்க, புதுப்பிப்பது இழுபறியானதால் ஐஎஸ்எல்லையே நிறுத்தி வைத்தார்கள். காய்லும் கிளப்பும் பிரிந்தார்கள். அவருடைய ஃபார்மேஷனைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள், திட்டுவதற்காவது ஒரு சீசன் இருக்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பிறகு கோவாக்காரர் கிளிஃபர்ட் மிராண்டா வந்தார். 2023-ல் இடைக்காலப் பயிற்சியாளராக ஒடிசாவுக்கு சூப்பர் கப் வாங்கித் தந்தவர்.  2025 அக்டோபரில் கோவாவில் நடந்த சூப்பர் கப்புக்கு முழுக்க இந்திய வீரர்களோடு போனார். மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. அன்றிரவே ஆரம்பித்துவிட்டது: வெளிநாட்டவர் இல்லாமல் யார் ஆடினாலும் இதுதான் கதி, அவருக்கு நேரம் கொடுங்கள் என்று ஒரு கட்சி, நாலு வாங்கிய பிறகும் டிஃபென்ஸை ஏன் மாற்றவில்லை, அந்த சப்-ஐ இன்னும் முன்னாடியே செய்திருக்கக் கூடாதா என்று இன்னொரு கட்சி.